ராக் கச்சேரியில் படம் எடுத்தால் முகங்கள் சிவப்பாகக் கரைந்துவிடுகின்றன: வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை | ஜூன் 8, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். பாடகர், கிதார், பேஸ் கிதார், இவன் என்று மொத்தம் நான்கு பேர். ஜூன் 21 உலக இசை நாளையொட்டிப் புதுச்சேரித் தெருக்களில் பல குழுக்கள் வாசிக்கும் அல்லவா, அதில் இந்த முறை இவர்களுக்கும் ஒரு சிறிய மேடையில் நாற்பது நிமிடம் கிடைத்திருக்கிறது. படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது.

மார்ச் மாதம் ஒரு கல்லூரி அரங்கில் இவர்களை எடுத்தேன். நானூறு படங்களில் நான்கு கூடத் தேறவில்லை. பாடகரின் முகம் சிவப்புக் குழம்பாக இருந்தது. கண் எங்கே, மூக்கு எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிதார் வாசித்தவர் அசைந்து கலங்கிப் போயிருந்தார். தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு சிம்பல்களும் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகள்) ஒரு முழங்கையும் மட்டும் தெரிந்தன. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அக்கா" என்றான். அந்த ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது.

என்னிடம் இருப்பது தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸும். ஆட்டோவில் வைத்துத்தான் எடுத்தேன். பதின்மூன்று நாட்கள் இருக்கின்றன. எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள், உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன்.

சுண்ணாம்பாறு | ஜூன் 8, இரவு 10.25

வணக்கம். புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பல ஆண்டுகளாக மேடை நிகழ்ச்சிகளைப் படம் எடுத்து வருகிறேன். உங்கள் கேமரா இதற்குப் போதும். ஆட்டோதான் கெடுத்திருக்கிறது.

மேடைப் படத்தில் முக்கால் பங்கு கறுப்பு. கேமரா அந்தக் கறுப்பையும் சேர்த்துச் சராசரி பார்த்து, இங்கே வெளிச்சம் போதாது என்று முடிவு கட்டி, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அதனால் ஆள் அசைந்து கலங்குகிறார், முகம் வெளுத்துப்போகிறது. மேனுவலுக்கு மாறுங்கள். பின்னணி எவ்வளவு கறுத்தாலும் கவலைப்படாமல் முகத்துக்கு மட்டும் அளவு வையுங்கள்.

சிவப்பின் கதை தனி. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் உள்ள புள்ளிகளில் பாதி பச்சை ஒளியை வாங்குபவை. கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. எல்இடி விளக்கு வெறும் சிவப்பை மட்டும் கொட்டும்போது முக்கால்வாசிப் புள்ளிகளுக்கு வேலையே இல்லை. மிச்சமுள்ள கால்வாசி நிரம்பி வழிந்துவிடுகிறது. வழிந்த இடத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் வேறுபாடு இருக்காது. ஆகவே எடுத்த படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டி நின்றால் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறையுங்கள். திரையில் படம் இருட்டாகத் தெரியும், தெரியட்டும். சென்சார் வாங்கியதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் இருட்டை மேலே தூக்கிவிடலாம். வழிந்து போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்தது லென்ஸ். உங்கள் 18–55, 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். 1/25 நொடியில் எடுக்க வேண்டியிருந்த காட்சியை 1/250-இல் எடுக்கலாம். போன முறை உங்களுக்குக் கலங்கிய படங்கள் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

தொடக்கமாக எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200 என்று வைத்துப் பாருங்கள். பிறகு விளக்கைப் பொறுத்துக் கூட்டியும் குறைத்தும் பழகிக்கொள்ளலாம்.

இருட்டறை | ஜூன் 9, காலை 6.50

இருபத்தேழு ஆண்டுகளாகக் கடலூர் வட்டாரத்தில் திருமணப் படம் எடுக்கிறேன். பிலிம் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுண்ணாம்பாறு சொன்னவை சரி. ஆனால் ஃபிளாஷைப் பற்றி ஒரு சொல் கூட இல்லையே? அம்மா, ஃபிளாஷை முழு வேகத்தில் அடிக்க வேண்டாம். பதினாறில் ஒரு பங்காகக் குறைத்து, ஷட்டரை 1/30-இல் வைத்தால் முகம் தெளிவாக உறையும், பின்னால் விளக்குகள் கோடு கோடாக ஓடும். ராக் இசைக்கு அந்த ஓட்டம் பொருத்தமாகவே இருக்கும். முன்னால் போய் நின்று எடுங்கள். மேடையேறத் தயங்கினால் படம் கிடைக்காது.

விளக்குக்காரன் | ஜூன் 9, காலை 8.15

இருட்டறை ஐயாவின் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இந்த மாதிரி மேடைகளுக்கு விளக்கு இயக்குகிறேன். ஒரு பாட்டின் சரணத்துக்கு மங்கிய நீலம், பல்லவி திரும்பும்போது பின்னாலிருந்து வெள்ளை என்று குழுவோடு உட்கார்ந்து பேசி வைத்திருப்போம். ஒரு ஃபிளாஷ் அத்தனையையும் அழித்து, மேடையைக் கல்யாண மண்டபம் ஆக்கிவிடுகிறது. பார்வையாளர்கள் காசோ நேரமோ கொடுத்து வந்திருப்பது அந்த இருட்டுக்கும் சேர்த்துத்தான்.

மேடையேறுவதும் அப்படியே. நம் ஊர்ப் பழக்கத்தில் படம் எடுப்பவர் மேடையில் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்பது யாருக்கும் தவறாகவே படுவதில்லை. உலகெங்கும் பெரிய ராக் கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுகளுக்கு மட்டும், ஃபிளாஷ் இல்லாமல், மேடைக்கு முன்னுள்ள இடைவெளியில் நின்று எடுக்க விடுவார்கள். பிறகு வெளியேறிவிட வேண்டும். சிறிய மேடையில் யாரும் அப்படி விரட்டப்போவதில்லை என்றாலும், அந்தக் கட்டுப்பாட்டை நாமாகவே வைத்துக்கொள்வது மரியாதை.

இரட்டைக்குச்சி | ஜூன் 9, காலை 9.02

நானும் டிரம்ஸ் வாசிப்பவன். ஃபிளாஷ் கண்ணில் அடித்தால் அடுத்த சில நொடிகள் சிம்பலின் விளிம்பு தெரியாது. கைப்பழக்கத்தில்தான் அடிப்போம். ஒரு அடி தவறினால் நால்வருக்கும் தவறும். உங்கள் தம்பிக்காகவாவது வேண்டாம்.

நான்காம் தந்தி | ஜூன் 9, மதியம் 1.30

பேஸ் வாசிப்பவர்களை யாராவது நினைத்துப் பாருங்கள். எங்கள் குழுவுக்கு ஐந்து ஆண்டு ஆகிறது. பாடகருக்கு நூறு படங்கள் இருக்கும், எனக்கு மூன்று. நாங்கள் ஓரத்தில், விளக்கு எட்டாத இடத்தில், டிரம்ஸைப் பார்த்துத் திரும்பி நிற்போம். அது கூச்சத்தால் அல்ல. டிரம்ஸின் கீழ்த்தாளமும் என் தந்தியும் ஒன்றாக விழ வேண்டும், அதற்காக ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறோம். அந்தப் பார்வையை யாராவது எடுத்தால் எங்கள் இசை எப்படி நடக்கிறது என்பதே ஒரு படத்தில் வந்துவிடும்.

இன்னொன்று. காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர்கள் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால்தான் நிற்கிறார்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் என்று அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. ராக் மேடையின் முன்வரிசை 100-ஐ எளிதில் தாண்டும். எனக்கு இடது காதில் ஓயாத ரீங்காரம் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

இருட்டறை | ஜூன் 9, இரவு 9.20

விளக்குக்காரரும் டிரம்ஸ் தம்பியும் சொன்னதைப் பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். மண்டபத்தில் விளக்கே என்னுடையது, இங்கே வேறொருவருடையது. இந்த வேறுபாட்டை நான் எண்ணவில்லை.

ஆனால் என் தொழிலிலிருந்து ஒன்று கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தாலி கட்டும் நொடி இரண்டாம் முறை வராது. எப்படித் தவறாமல் எடுக்கிறோம்? கண்ணால் அல்ல. நாதஸ்வரம் வாசிப்பு மாறுவதும், ஐயர் கையைத் தூக்குவதும், "கெட்டிமேளம்" என்று குரல் வருவதும் காதில் விழும்போதே விரல் ஷட்டரில் பாதி அழுந்தியிருக்கும். மாப்பிள்ளையின் கை கழுத்துக்குப் போவதைப் பார்த்த பிறகு அழுத்தினால் மாமியாரின் முதுகுதான் கிடைக்கும். உங்கள் தம்பியின் பாட்டுகளிலும் கெட்டிமேளம் இருக்கும் அல்லவா? அது எங்கே என்று தெரிந்துகொண்டு போங்கள். எத்தனை பாட்டுகள் வாசிக்கப்போகிறார்கள்?

கெடிலக்கரை | ஜூன் 9, இரவு 10.10

ஏழு பாட்டுகள், ஐயா. எல்லாம் அவர்களே எழுதியவை. ஒத்திகைப் பதிவு கைபேசியில் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், மார்ச் மாதம் நான் ஒரு பாட்டைக் கூட முழுதாகக் கேட்டிருக்கவில்லை. ஷட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

சுண்ணாம்பாறு | ஜூன் 9, இரவு 10.45

இருட்டறை ஐயா சொன்னதற்கு மேல் இந்த இழையில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது. இருந்தாலும் சில விவரங்கள்.

பாடகர் பாடும்போது மைக் வாயை மறைக்கும். நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். வரி முடிந்து அவர் மூச்செடுக்க மைக்கிலிருந்து பின்வாங்கும் அந்த அரை நொடிதான் முகம். வரி எங்கே முடிகிறது என்பது பாட்டு தெரிந்தவருக்குத்தான் தெரியும். வலக்கைப் பழக்கமுள்ள கிதார்காரரின் கிதார் கழுத்து, பார்ப்பவருக்கு வலப்பக்கமாக நீளும். அந்தப் பக்கம் நின்றால் கழுத்து உங்களை நோக்கி நீண்டு, விரல்கள் பெரிதாக வரும். எதிர்ப்பக்கம் நின்றால் உடலும் முகமும் திறந்து கிடைக்கும். இரண்டும் வேண்டியவையே, எந்தப் பாட்டுக்கு எது என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிபவை. சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். உங்கள் கேமராவின் லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும் முறை) அப்படி ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கடற்காற்றை மறக்க வேண்டாம். ஏசி பஸ்ஸிலோ ஏசி அறையிலோ இருந்து நேராக வெளியே வந்து லென்ஸைத் திறந்தால் ஜூன் மாதப் புதுச்சேரியில் கண்ணாடி உடனே வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வெளியே வந்தபின் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். வீட்டுக்குப் போனதும் லேசாக ஈரம் தொட்ட துணியால் உடலைத் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள்.

இரட்டைக்குச்சி | ஜூன் 10, காலை 7.30

தம்பியை எடுக்கும் வழியை நான் சொல்கிறேன் அக்கா. வாசித்துக்கொண்டிருக்கும்போது எங்களைப் பிடிப்பது கடினம். குனிந்திருப்போம், முன்னால் சிம்பல், பக்கத்தில் இன்னொரு சிம்பல். குச்சி முழுக்க உறைய வேண்டுமானால் 1/500-க்குக் குறையக் கூடாது. பின்வரிசை இருட்டில் அதற்கு ஒளி போதாது.

ஆனால் பல பாட்டுகள் தொடங்கும் முன் நாங்கள் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கி நான்கு முறை தட்டுவோம். மற்ற மூவருக்கும் அதுதான் காலக்கணக்கு. அந்த நான்கு தட்டில் முதுகு நிமிர்ந்திருக்கும், முகம் சிம்பலுக்கு மேலே வந்திருக்கும், மூவரையும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு தட்டும் ஒரே இடைவெளியில் விழுவதால் மூன்றாவதையும் நான்காவதையும் நீங்கள் எண்ணியே எடுக்கலாம். அந்தப் படத்தை எங்களுக்கு யாரும் எடுத்துத் தந்ததில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதுதான் காரணம்.

விளக்குக்காரன் | ஜூன் 10, காலை 8.05

அணைப்பது நாங்கள்தான், எங்களை ஏற்ற வைக்கவும் முடியும். ஒலிச்சோதனை நேரத்தில் போய் விளக்கு இயக்குபவரிடம், "இந்தப் பாட்டின் தொடக்கத்தில் நான்கு தட்டுக்கு மட்டும் டிரம்ஸின் பின்னால் ஒரு வெள்ளை வேண்டும்" என்று கேளுங்கள். பாட்டின் பெயரைச் சொல்லுங்கள், வரிசை எண்ணைச் சொல்ல வேண்டாம். வரிசை கடைசி நேரத்தில் மாறும். இப்படி யாராவது வந்து கேட்டால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பெரும்பாலும் படம் எடுப்பவர்கள் முடிந்த பிறகு வந்து வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

கடைசிப் பாட்டை நம்பி எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதி. முன்னால் வாசிப்பவர்கள் இழுத்தால் பின்னால் வருபவர்களின் நாற்பது நிமிடம் இருபத்தைந்தாகச் சுருங்கும்.

கேபிள்களை மிதிக்க வேண்டாம். தரையில் கறுப்பு டேப் ஒட்டிய இடத்தைத் தாண்டியே நடங்கள்.

நான்காம் தந்தி | ஜூன் 10, இரவு 8.40

ஒரு கேள்வி, இழைக்கு நெருங்கியதே. போன ஆண்டு நாங்கள் வாசித்த ஓர் உணவகம், எங்கள் நண்பர் எடுத்த படத்தை அவர் பெயர் போடாமல் தன் விளம்பரத்தில் பயன்படுத்திக்கொண்டது. அவருக்குப் பணம் தரவில்லை, கேட்கவும் இல்லை. உரிமை யாருடையது?

சுண்ணாம்பாறு | ஜூன் 10, இரவு 9.15

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, படம் எடுத்தவரே முதல் உரிமையாளர். யாராவது பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அந்தப் பணம் கொடுத்தவருக்குப் போகும். உங்கள் நண்பருக்கு யாரும் பணம் தரவில்லை, ஆகவே படம் அவருடையது. எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கெடிலக்கரை, நீங்களும் தம்பியின் குழுவோடு இதை முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டாராக இருந்தாலும் எழுதிக்கொள்வது நல்லது.

கெடிலக்கரை | ஜூன் 22, இரவு 11.05

நேற்று முடிந்தது. இன்று முழுவதும் படங்களோடு இருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தது. பன்னிரண்டு நாட்களாக அந்த ஏழு பாட்டுகளையும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். எந்த வரியில் பாடகர் மூச்செடுக்கிறார், எங்கே எல்லாம் நின்று பேஸ் மட்டும் ஒலிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். ஐந்தரை மணிக்கு ஒலிச்சோதனை. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்ததால் தெருவுக்குள் வெயில் சாய்வாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் நால்வரையும் தனித்தனியாக எடுத்தேன். விளக்கு இயக்குபவரிடம் போய்ப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் தாளில் குறித்துக்கொண்டார்.

மேடையேறியது ஏழே காலுக்கு. முதல் பாட்டில் ஒரு படம் கூட எடுக்கவில்லை. காதை அடைத்துக்கொண்டு நின்று கேட்டேன். எந்த விளக்கு எப்போது வருகிறது என்பது அதில் புரிந்தது. பிறகு ஆறு பாட்டுகளுக்கு 212 படங்கள். தேறியவை 19.

நான்காவது பாட்டுக்கு விளக்குகள் அணைந்தன. தம்பி குச்சிகளைத் தூக்கினான். நான் கேட்டபடியே பின்னாலிருந்து ஒரு வெள்ளை வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றில் அழுத்தினேன். எஃப் 2, 1/500, ஐஎஸ்ஓ 6400. இரண்டு குச்சிகளும் ஒட்டியிருக்கின்றன. அவன் முகம் முழுதாக இருக்கிறது. அவன் பாடகரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பேஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில் அதை வாசிப்பவர் டிரம்ஸைப் பார்த்துத் திரும்பியதும் கிடைத்தது. ஆனால் அதில் ஃபோகஸ் சற்றுப் பின்னால் போயிருக்கிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டியதால் மணல் தூவியதுபோல் புள்ளிகளும் நிறைய. நீக்கிவிடலாமா?

சுண்ணாம்பாறு | ஜூன் 22, இரவு 11.30

நீக்காதீர்கள். 1979-இல் நியூயார்க்கில் தி கிளாஷ் குழுவின் பால் சிமோனன் தன் பேஸ் கிதாரை மேடையில் ஓங்கி அடித்த நொடியைப் பென்னி ஸ்மித் எடுத்தார். ஃபோகஸ் சரியில்லை என்று சொல்லி, அதை அட்டைக்குப் போட வேண்டாம் என்று அவரே மறுத்தார். அந்த ஆண்டே வந்த அவர்களுடைய இசைத்தட்டின் அட்டையில் அதுதான் வந்தது. இன்றும் ராக் இசை என்றால் பலர் கண்ணில் நிற்பது அந்தப் படம். புள்ளிகளைத் தேய்த்து மழுக்கவும் வேண்டாம். தோல் மெழுகுபோல் ஆகிவிடும்.

நான்காம் தந்தி | ஜூன் 23, காலை 6.15

அந்தப் படத்தை உங்கள் பேஸ் வாசிப்பவருக்கு அனுப்பிவிடுங்கள் தங்கையே. தெளிவில்லாமல் இருந்தாலும் அனுப்புங்கள்.

கெடிலக்கரை | ஜூன் 23, இரவு 8.50

அனுப்பிவிட்டேன், அண்ணா. அவர் அதைத்தான் தன் கைபேசி முகப்பில் வைத்திருக்கிறார்.

எங்கள் அம்மா தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்கிறார். கூடத்தில் மாட்ட வேண்டுமாம். 12க்கு 18 அங்குலம் போடலாம் என்று நினைக்கிறேன். இருட்டறை ஐயா, எந்தத் தாள்? அப்படியே கொடுக்கலாமா?

இருட்டறை | ஜூன் 23, இரவு 9.35

மேட் தாளில் போடச் சொல்லுங்கள், அம்மா. கூடத்தில் டியூப்லைட் இருக்கும். பளபளக்கும் தாளில் இவ்வளவு கறுப்பு இருந்தால் எதிரே நிற்பவரின் பிம்பம்தான் தெரியும். திரையில் பார்ப்பதைவிடத் தாளில் கறுப்பு இன்னும் அமுங்கும், ஆகவே நிழல் பகுதியை அரை ஸ்டாப் ஏற்றிக் கொடுங்கள். முழு அளவு போடும் முன் 4க்கு 6-இல் ஒன்று போட்டுப் பார்த்து, குச்சியைப் பிடித்த விரல்கள் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பெரிதாக்கலாம். ஐஎஸ்ஓ 6400 புள்ளிகள் 12க்கு 18-இல் நான்கடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம், வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.